வசனத்தில் தப்பில்லை, குரலில்தான் தப்பு: மே வெஸ்ட்டும் ஹாலிவுட் தணிக்கையும்

1937 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவில் பல லட்சம் வீடுகளில் குடும்பத்தோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். என்பிசி வானொலியில் சேஸ் அண்ட் சான்போர்ன் காபி நிறுவனம் வழங்கும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைய விருந்தாளி ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட். ஆதாம் ஏவாள் கதையை வைத்து ஒரு சின்ன நாடகம். ஏதேன் தோட்டத்தில் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் ஏவாளுக்குச் சலித்துப்போய்விட்டது. ஆதாம் இருக்கிற இடத்திலேயே நிம்மதியாக இருக்கிறான். இவளுக்கு வெளியே போக வேண்டும், ஏதாவது நடக்க வேண்டும். பைபிளில் பாம்புதான் ஏவாளை மயக்கும். இங்கே ஏவாள் பாம்பைப் பேசிச் சரிக்கட்டி, விலக்கப்பட்ட கனியைப் பறித்துவரச் செய்கிறாள்.

ஆர்ச் ஓபோலர் எழுதிய அந்த ஸ்கிரிப்ட் ஒலிபரப்புக்கு முன்பே நிலையத்தாரின் பார்வைக்குப் போய், ஒப்புதல் வாங்கி வந்ததுதான். ஆனாலும் ஒலிபரப்பானதும் கண்டனங்கள் குவிந்தன. வானொலியை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம் என்பிசிக்குக் கண்டனம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. காபி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மே வெஸ்ட்டின் பெயரைக்கூட இனி உச்சரிக்கக் கூடாது என்று என்பிசி தன் நிலையங்களுக்கு உத்தரவு போட்டது. காகிதத்தில் படித்தவர்களுக்கு உறுத்தாத ஏதோ ஒன்று, அவர் வாயைத் திறந்து பேசியதும் நாடு முழுக்கக் கேட்டுவிட்டது.

மே வெஸ்ட்டுக்கும் தணிக்கைக்கும் நடந்த சண்டை மொத்தமும் இந்த ஒரு இரவுக்குள் இருக்கிறது. தணிக்கைக்காரர்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள். சொல்லைப் பார்ப்பார்கள், அடிக்கோடு போடுவார்கள், நீக்கச் சொல்வார்கள். மே வெஸ்ட்டோ சொல்லுக்கு வெளியே வேலை பார்த்தவர். ஒரு இழுப்பு, ஒரு ‘ம்ம்’, பாதி மூடிய கண், இடுப்பில் ஊன்றிய கை. இதையெல்லாம் எந்தப் பேனாவால் அடிப்பது?

சென்சார் என்றதும் நமக்கு அரசாங்கம் தரும் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். ஹாலிவுட்டில் நடந்தது வேறு கதை, அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1915இல் ஒஹாயோ மாநிலத் தணிக்கைச் சட்டத்தை எதிர்த்து மியூச்சுவல் என்ற படக் கம்பெனி போட்ட வழக்கில், படம் காட்டுவது வெறும் வியாபாரம், பத்திரிகைக்கு இருக்கிற சுதந்திரம் அதற்குக் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஒஹாயோ, பென்சில்வேனியா, கான்சஸ், மேரிலாண்ட், நியூயார்க், வர்ஜீனியா என்று மாநிலத்துக்கு மாநிலம் தணிக்கை வாரியம் வந்தது. சிகாகோ போன்ற நகரங்கள் தனியாக வைத்துக்கொண்டன. ஒவ்வொரு வாரியமும் கட்டணம் வாங்கும், தன் இஷ்டத்துக்கு வெட்டும். ஒரே படம் ஊருக்கு ஒரு மாதிரி ஓடியது. மௌனப் படமாக இருந்தவரை வெட்டி ஒட்டுவது பெரிய காரியமில்லை. எழுத்து அட்டையை மாற்றினால் கதையையே மாற்றிவிடலாம். படம் பேச ஆரம்பித்ததும், ஒரு வரியை வெட்டினாலும் காட்சி தாவும், பாட்டு பாதியில் அறுந்து தொங்கும். தயாரிப்பாளருக்கு அது நேரடி நஷ்டம்.

இதற்கிடையே 1921இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் மீது ஒரு நடிகையின் மரணம் தொடர்பாக வழக்கு வந்தது. கடைசியில் விடுதலையானார், ஆனால் அதற்குள் ஹாலிவுட்டின் பெயர் நாறிவிட்டது. மத்திய அரசே தணிக்கைச் சட்டம் கொண்டுவந்துவிடுமோ என்று பயந்த ஸ்டுடியோ முதலாளிகள் 1922இல் ஒரு சங்கம் வைத்து, அரசில் தபால் துறைத் தலைவராக இருந்த வில் ஹேஸை அதற்குத் தலைவராக்கினார்கள். 1930இல் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் மார்ட்டின் க்விக்லி என்ற சினிமாப் பத்திரிகை முதலாளியும் முன்னின்று உருவாக்கிய விதிமுறைகளைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. குற்றம் செய்தவர் மேல் பார்வையாளருக்கு அனுதாபம் வரக் கூடாது. திருமணத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும். இப்படிப் போகும் அந்தப் பட்டியல். ஆக, இது அரசுத் தணிக்கைக்குப் பயந்து தொழில்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விலங்கு. முதல் நான்கு வருஷம் அந்த விலங்குக்குப் பூட்டும் இல்லை. ஹேஸ் அலுவலகம் ஒரு காட்சியை மறுத்தால், மற்ற ஸ்டுடியோ தயாரிப்பாளர்கள் அடங்கிய குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். இன்று உன் படத்துக்கு நான், நாளை என் படத்துக்கு நீ. வேறெப்படித் தீர்ப்பு வரும்?

சரி, இந்த நான்கு வருஷ இடைவெளியில்தான் மே வெஸ்ட் உள்ளே வந்தார்.

வந்தபோது அவருக்கு வயது 38. கதாநாயகிகளை வீட்டுக்கு அனுப்பும் வயது. 1893இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா குத்துச்சண்டைக்காரர், அம்மா ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். சின்ன வயதிலேயே மேடையேறி, ஆட்டம் பாட்டு சிரிப்பு எல்லாம் கலந்த வாட்வில் மேடைகளில் வளர்ந்தார். ஒரு வரியை எங்கே நிறுத்தினால் கூட்டம் சிரிக்கும் என்பதை இருபது வருஷத்துக்கும் மேலாக மேடையில் நின்று கற்றுக்கொண்டவர். தனக்கு வேண்டிய வேடத்தை யாரும் எழுதித் தரப்போவதில்லை என்று புரிந்ததும் தானே எழுத உட்கார்ந்தார். புனைபெயரில் எழுதிய ‘செக்ஸ்’ என்ற நாடகம் 1926 ஏப்ரலில் அரங்கேறியது. பத்திரிகைகள் விளம்பரத்தைக்கூட வாங்க மறுத்தன. ஆனாலும் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது.

1927 பிப்ரவரியில் போலீஸ் நுழைந்தது. மேயர் ஜிம்மி வாக்கர் ஊரில் இல்லாத நேரம்; பொறுப்பு மேயராக இருந்தவர்தான் இந்த நடவடிக்கையை முடுக்கிவிட்டார். பத்து மாதம் சும்மா இருந்தவர்களுக்குத் திடீரென்று ஏன் கோபம்? மே வெஸ்ட் அப்போது ‘தி டிராக்’ என்ற இன்னொரு நாடகத்தை வெளியூரில் போட்டுக்கொண்டிருந்தார். ஆணை விரும்பும் ஆண்களைப் பற்றியது. அது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் உள்காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. இளைஞர்களின் ஒழுக்கத்தைக் கெடுத்ததாகத் தீர்ப்பு: 500 டாலர் அபராதம், பத்து நாள் சிறை. நன்னடத்தைக்காக இரண்டு நாள் கழித்து எட்டாவது நாள் வெளியே வந்தார். வரும்போது அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயராக வந்தார்.

1932இல் பாரமவுண்ட் படக் கம்பெனி அழைத்தது. ‘நைட் ஆஃப்டர் நைட்’ படத்தில் சின்ன வேடம். தன் வசனத்தைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும் உரிமையை வாங்கிக்கொண்டுதான் நடித்தார். அதில் வரும் ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரவு விடுதிக்குள் நுழைந்து மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கிறார். உடம்பெல்லாம் வைரம் மின்னுகிறது. தொப்பியும் அங்கியும் வாங்கி வைக்கும் பெண் வாய் பிளந்து, “குட்னெஸ்! எவ்வளவு அழகான வைரம்!” என்கிறாள். ‘குட்னெஸ்’ என்பது ஆங்கிலத்தில் வியப்புக்கும் வரும், நல்ல குணத்துக்கும் வரும். நாம் ‘கடவுளே’ என்று வாய்விடுவது போல. மே வெஸ்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார், “கடவுளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடி கண்ணு” என்கிற மாதிரி ஒரு வரி. சொல்லிவிட்டுப் படியேறுகிறார். அங்கேயே காட்சியை வெட்டலாம் என்று இயக்குநர் நினைத்தாராம். கூட்டம் சிரித்து முடிக்கும்வரை நான் படியேறிக்கொண்டே இருக்க வேண்டும், கேமரா என் பின்னால் வர வேண்டும் என்று மல்லுக்கு நின்றதாக மே வெஸ்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரியும். அந்தப் படியேற்றம் இல்லாவிட்டால் அது வெறும் துணுக்கு.

இப்போது ஒரு தணிக்கை அதிகாரியாக அந்த வரியைப் பாருங்கள். ஒரு கெட்ட வார்த்தை உண்டா? ஒரு ஆணைப் பற்றிய பேச்சு உண்டா? கிடையாது. மிச்சத்தையெல்லாம் கேட்பவர் மனசு நிரப்பிக்கொள்கிறது. சிலேடை தெரிந்த மொழிக்காரர்கள் நாம். ஒரு சொல்லை இரண்டாக மடித்துக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் மே வெஸ்ட் பல இடங்களில் சொல்லைக்கூட மடிப்பதில்லை, தொனியை மட்டுமே மடிக்கிறார். “ஒருநாள் மேலே வந்து என்னைப் பாருங்களேன். தினமும் சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.” நடிகர் கேரி கிராண்ட்டிடம் அவர் சொல்லும் இந்த வரியை உங்கள் அத்தை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் அது உபசரிப்பு. மே வெஸ்ட் சொன்னால் பத்திரிகைகள் நாலு மாதம் பேசும்.

அந்த வரி வரும் படம் 1933இல் வெளிவந்த ‘ஷி டன் ஹிம் ராங்’. அவருடைய மேடை நாடகமான ‘டயமண்ட் லில்’தான் மூலம். அந்த நாடகத்தைப் படமாக்கவே கூடாது என்று ஹேஸ் அலுவலகம் முன்பே தடை போட்டிருந்தது. பாரமவுண்ட் தலைப்பை மாற்றியது, லில் என்ற நாயகியை லூ ஆக்கியது, எடுத்து முடித்துவிட்டது. கம்பெனி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதே மாதங்களில்தான் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. பொருளாதார மந்தத்தில் தியேட்டர்கள் காலி. அந்த நிலையில் சுமார் 2 லட்சம் டாலர் செலவில் மளமளவென்று எடுத்த படம் 20 லட்சத்துக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது. 66 நிமிஷமே ஓடும் இந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அதே வருஷம் ‘ஐ’ம் நோ ஏஞ்சல்’ வந்து அதையும் மிஞ்சியது. பாரமவுண்ட்டை மே வெஸ்ட் ஒற்றை ஆளாகக் காப்பாற்றினார் என்று எழுதுவார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் மூழ்குகிறவனுக்குக் கிடைத்த பெரிய கட்டை அவர்தான்.

இந்த இரண்டு படங்களிலும் நிஜமாக என்ன உறுத்தியது? ஆபாசம் என்று பலர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை. அதே காலத்தில் ‘கெட்டுப்போன பெண்’ கதைகள் ஹாலிவுட்டில் வரிசையாக வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அவள் வறுமையால் கெட்டாள், கடைசியில் அழுதாள், அல்லது செத்தாள். கண்ணீர் விட்டால் தணிக்கைக்குத் திருப்தி. மே வெஸ்ட்டின் நாயகி அழவே இல்லை. அவள் ஏமாந்து கெட்டவள் அல்ல, விரும்பி வாழ்பவள். பணம் அவளுடையது, வைரம் அவளுடையது, சிரிப்பும் அவளுடையது. ‘ஷி டன் ஹிம் ராங்’கில் ஒரு சண்டையில் அவள் கையால் ஒரு பெண் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறாள். ஆள் வரும் சத்தம் கேட்டதும் பிணத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து, அதன் நீளக் கூந்தலைச் சீவிவிடுவது போலப் பாசாங்கு செய்கிறாள் லூ. கடைசியில் சிறைக்குத்தான் கொண்டுபோகிறான் என்று பார்த்தால், அவள் கையில் மோதிரம் போடுகிறான் கேரி கிராண்ட். “மோசமான பெண் நீ” என்கிறான். “போகப் போகத் தெரியும்” என்கிறாள். விதிமுறையின் அடிப்படைக் கணக்கே குற்றத்துக்குத் தண்டனை என்பதுதான். அந்தக் கணக்கை அவள் சிரித்துக்கொண்டே கலைத்துவிட்டுப் போகிறாள்.

அடுத்த படத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். வாக்குத் தவறிய காதலன் மேல் வழக்குப் போட்டு, எதிர்த்தரப்பு அவளுடைய பழைய ஆண்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தும்போது, தானே வக்கீலாக எழுந்து ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்கிறாள் நாயகி. நிஜ நீதிமன்றத்தில் ஆறு வருஷம் முன்பு தண்டனை வாங்கியவர் எழுதிய காட்சி அது.

1934இல் விலங்குக்குப் பூட்டு வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை ‘லீஜன் ஆஃப் டீசென்சி’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஒழுக்கக்கேடான படங்களைப் பார்க்க மாட்டேன் என்று மக்களிடம் உறுதிமொழி வாங்கியது. பிலடெல்பியா கர்தினால் டோர்ட்டி, சினிமாக் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம் என்று தன் மக்களுக்குச் சொல்லிவிட்டார். வசூல் அடிபட்டதும் ஸ்டுடியோக்கள் பணிந்தன. ஜோசப் பிரீன் தலைமையில் புது அலுவலகம். ஸ்கிரிப்ட்டிலிருந்து கடைசிப் பிரதிவரை அவர் பார்த்து முத்திரை தர வேண்டும். முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். அபராதத்தைவிடப் பெரிய பிடி ஒன்று இருந்தது. நகரங்களின் பெரிய தியேட்டர்கள் பலவும் ஸ்டுடியோக்களுக்கே சொந்தம். முத்திரை இல்லாத படத்துக்கு அங்கே இடம் கிடையாது.

இத்தனைக்கும் மே வெஸ்ட்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. அதை அப்படியே ஏற்க முடியாது. ரவுடிகளை நாயகர்களாக்கிய படங்கள், சினிமா குழந்தைகளைக் கெடுக்கிறது என்று 1933இல் வெளிவந்த பெய்ன் நிதி ஆய்வுகள், புதிய ரூஸ்வெல்ட் அரசு தொழிலில் தலையிடுமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்து கொதித்த உலை அது. ஆனால் கூட்டத்துக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா? எழுதியவரும் நடித்தவரும் லாபம் பார்த்தவரும் ஒரே பெண்ணாக இருந்தது வசதியாகப் போயிற்று.

முதல் அடி விழுந்தது ‘இட் எய்ன்ட் நோ சின்’ என்ற படத்துக்கு. ‘இதில் பாவம் ஒன்றும் இல்லை’ என்று தலைப்பு. தலைப்பு போயிற்று, ‘பெல் ஆஃப் தி நைன்டீஸ்’ ஆனது. காட்சிகள் போயின. முடிவில் அவசர அவசரமாக ஒரு கல்யாணக் காட்சியை எடுத்துச் சேர்த்தார்கள். 1936இல் வந்த ‘க்ளோண்டைக் ஆனி’யில் இன்னும் மோசம். கொலை செய்துவிட்டு ஓடும் பெண், வழியில் இறந்துபோன ஒரு கிறிஸ்தவ மத ஊழியக்காரியின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறாள் என்பது கதை. கொலைக் காட்சியை வெட்டினார்கள். இறந்தவளுக்குத் தன் உடையை மாட்டிவிடும் காட்சியையும் வெட்டினார்கள். படத்தைப் பார்ப்பவருக்கு அவள் ஏன் ஓடுகிறாள், எப்படி வேஷம் மாறினாள் என்பது பாதிதான் புரியும். அதற்கும் மேல் ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளியின் பத்திரிகைகள் தலையங்கம் எழுதித் திட்டின, படத்துக்கு விளம்பரம் போட மறுத்தன.

பிரீனுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பதுதான் இதில் முக்கியம். வரியை வெட்டிப் பயனில்லை, கதையை வெட்ட வேண்டும். குரலை அடிக்க முடியாது, ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைத் திருத்திக் கல்யாணம் செய்து வைத்துவிடலாம். 1933 படங்களை மறுவெளியீடு செய்ய 1935இல் பாரமவுண்ட் அனுமதி கேட்டபோதும் அவர் மறுத்துவிட்டார்.

மே வெஸ்ட்டும் சளைக்கவில்லை. தணிக்கைக்காரர்கள் வெட்டுவதற்கென்றே படுமோசமான காட்சிகளை எழுதிச் சேர்ப்பாராம். அவர்கள் அதை வெட்டிவிட்டுத் திருப்தியாகப் போவார்கள், இவருக்கு வேண்டியது தப்பிக்கும். தணிக்கையால்தான் நான் பணக்காரியானேன் என்றும் சொல்லியிருக்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு, தடை இருந்ததால்தான் அவர் கலை கூர்மையானது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அவருடைய ஆகச் சிறந்த இரண்டு படங்களும் பூட்டு விழுவதற்கு முன்னால் வந்தவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு படமாகத் தேய்ந்துதான் போனது. 1938இல் தியேட்டர் முதலாளிகள் சங்கம் ஒன்று, வசூலுக்கு விஷமான நட்சத்திரங்கள் என்று விளம்பரம் கொடுத்த பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 1943க்குப் பிறகு 27 வருஷம் அவர் திரையில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நடை, அந்த இழுப்புப் பேச்சு எல்லாம் அவர் தனியாகக் கண்டுபிடித்தவை அல்ல. கறுப்பினப் பெண்களின் ப்ளூஸ் பாட்டிலிருந்தும், பெண் வேஷம் கட்டும் ஆண் கலைஞர்களிடமிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார். அவர் படத்தில் கறுப்பினப் பெண்கள் வேலைக்காரிகளாகவே வருகிறார்கள், அவர் வைரத்தைப் பார்த்து வியக்கிறார்கள். அதே மே வெஸ்ட்தான் ‘பெல் ஆஃப் தி நைன்டீஸ்’ படத்துக்கு கறுப்பின ஜாஸ் கலைஞர் டியூக் எல்லிங்டனின் இசைக்குழுவே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டும் உண்மை. வெள்ளையர், கறுப்பர் இடையே காதல் கூடாது என்பதும் அந்த விதிமுறையில் எழுதியிருந்த ஒன்றுதான் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் பேச முடியாது.

1952இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, சினிமாவும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்றது. 1968இல் ஹேஸ் விதிமுறை போய், வயது வாரியாகத் தரம் பிரிக்கும் முறை வந்தது. மே வெஸ்ட் 1980 நவம்பரில் 87 வயதில் இறந்தார்.

‘ஷி டன் ஹிம் ராங்’கில் அவர் பாடும் ஒரு பாட்டு, அவசரப்படாத ஆணைப் பற்றியது. படம் வெளியானபின் ஹேஸ் அலுவலகத்தின் நெருக்கடியால் அதன் நடு அடிகளைப் பிரதிகளிலிருந்து வெட்டினார்கள். கேட்டுப் பாருங்கள். முதல் அடி நிதானமாகத் தொடங்குகிறது, மே வெஸ்ட் ஒரு சொல்லை இழுத்து, மூச்சு விட்டு, அடுத்ததற்கு வருகிறார், சட்டென்று பாட்டு முடிந்து கைதட்டல் கேட்கிறது.